டச்சஸ் வேடம் யாருக்கு? ஃப்ரான்செஸ்கா மில்ஸின் நடிப்புப் பயணம்

[திரையில்: லண்டன், தேம்ஸ் நதிக்கரை. கூரை வேய்ந்த வட்ட வடிவ அரங்கம்.]

ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகம். மூன்றாம் அங்கம். காட்டுக்குள் காதலர்கள் நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கிறார்கள். மந்திரச் சாறு கண்ணில் பட்டு மனம் மாறிப்போன லைசாண்டர், கொஞ்ச நேரம் முன்புவரை உயிராக நினைத்த ஹெர்மியாவைப் பார்த்து "போடி குள்ளி" என்கிறான். அதோடு விடவில்லை. பாசிமணி என்கிறான், ஓக் மரத்துக் கொட்டை என்கிறான். ஒரு களைச்செடியின் பெயரையும் இழுக்கிறான். அதைச் சாப்பிட்டால் உடம்பு வளராது என்று அந்தக் காலத்து இங்கிலாந்தில் நம்பினார்கள்.

நானூறு வருடங்களுக்கும் மேலாக இது சிரிப்புக் காட்சி. ஹெர்மியாவாக வருபவர் பெரும்பாலும் சராசரி உயரம் உள்ளவராகவோ, அந்த நாலு பேரில் இன்னொரு பெண்ணான ஹெலனாவைவிடக் கொஞ்சம் குட்டையானவராகவோ இருப்பார். அந்த வசைகள் அவர் மேல் பட்டும் படாமல் போய்விடும்.

2023இல் லண்டன் குளோப் அரங்கில் எல் வைல் இயக்கிய தயாரிப்பில் ஹெர்மியாவாக நடித்தவர் ஃப்ரான்செஸ்கா மில்ஸ். பிறவியிலேயே உயரம் குறைந்தவர். வசனம் அதேதான். ஆனால் இப்போது லைசாண்டர் வேறு ஆளாகத் தெரிகிறான். யாரை நம்பி வீட்டைவிட்டு ஓடிவந்தாளோ, அவனே காதல் போன மறுநொடியில் அவள் உடம்பைச் சொல்லிக் குத்துகிறான். இத்தனை காலம் இதற்கு ஏன் இவ்வளவு சுலபமாகச் சிரித்தோம் என்ற கேள்வி தானாக வருகிறது.

[திரையில்: பழைய பாண்டோமைம் சுவரொட்டிகள்]

பிரிட்டனில் உயரம் குறைந்த நடிகர்களுக்கு வழக்கமாகக் கிடைத்த வேலை என்ன? கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர் ஊராக நடக்கும் பாண்டோமைம், அதாவது பாட்டும் கேலியும் கலந்த குடும்ப நாடகம். அதில் ஸ்னோ ஒயிட் கதை, ஏழு குள்ளர்கள். சில வாரங்கள் சம்பளம் வரும், அப்புறம் அடுத்த கிறிஸ்துமஸ்தான். அந்த வேலைக்கும் உத்தரவாதம் இல்லை. 2012இல் வந்த 'ஸ்னோ ஒயிட் அண்ட் த ஹன்ட்ஸ்மேன்' படத்தில் இயன் மக்ஷேன், பாப் ஹாஸ்கின்ஸ் போன்ற வழக்கமான உயரமுள்ள நடிகர்களைத்தான் கணினி உதவியால் குள்ளர்களாக்கிக் காட்டினார்கள்.

2022 ஜனவரியில் அமெரிக்க நடிகர் பீட்டர் டிங்க்லேஜ், இந்தக் கதையை மறுபடி எடுக்கிறார்களே என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அவரைப் போலவே உயரம் குறைந்த வேறு சில நடிகர்கள், இருக்கிற வாய்ப்பும் பறிபோகும் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரண்டு பக்கத்துக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் ஒரே கதவையும் மூடினால் பிழைப்புக்கு எங்கே போவார்கள்? மற்ற கதவுகளைத் திறக்காதவரை இந்தச் சண்டை தீரவே தீராது.

மில்ஸின் பயணம் முக்கியமாவது இதனால்தான்.

[திரையில்: 2016, 2018]

2016இல் ரஷ்ய எழுத்தாளர் கோகலின் 'த கவர்ன்மென்ட் இன்ஸ்பெக்டர்' நாடகத்தில் நடித்தார். மாற்றுத்திறனாளிக் கலைஞர்களைப் பெரிய மேடைகளின் மையத்துக்குக் கொண்டுவர பல நாடக அரங்குகள் கூட்டாக நடத்திய 'ராம்ப்ஸ் ஆன் த மூன்' திட்டத்தின் தயாரிப்பு அது. 2018இல் குளோப் அரங்கில் 'த டூ நோபிள் கின்ஸ்மென்'. ஷேக்ஸ்பியரும் ஃப்ளெட்சரும் சேர்ந்து எழுதியது. மில்ஸுக்குச் சிறைக்காவலரின் மகள் வேடம். கைதியின் மேல் காதல் கொண்டு, அவனைத் தப்பவிட்டு, அவன் திரும்பிப் பார்க்காததால் சித்தம் கலங்கிப்போகிற பெண். அவளுக்கு அந்த நாடகத்தில் பெயர்கூட இல்லை. ஆனால் நாடகத்தின் உயிர் அவளிடம்தான் இருக்கிறது. அவள் உயரத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது.

தொலைக்காட்சியில் 'ஹார்லட்ஸ்' தொடரில் செர்ரி, பிபிசியின் 'வொர்சல் கம்மிட்ஜ்' தொடரில் எர்த்தி மாங்கோல்ட் என்ற சோளக்கொல்லை பொம்மை.

[திரையில்: மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு சிறிய மேடை]

சரி, தலைப்பில் சொன்ன டச்சஸுக்கு வருவோம். டச்சஸ் என்றால் ஒரு சிறு நாட்டை ஆளும் சீமாட்டி. 2024இல் குளோப் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சாம் வனமேக்கர் அரங்கில், ரேச்சல் பாக்‌ஷா இயக்கத்தில் 'த டச்சஸ் ஆஃப் மால்ஃபி'. ஜான் வெப்ஸ்டர் எழுதியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் நடத்துவதற்கென்றே கட்டிய உள்ளரங்கம் அது. 2014இல் அது திறக்கப்பட்டபோது முதலில் அரங்கேறியதும் இதே நாடகம்தான். அன்று டச்சஸ், ஜெம்மா ஆர்டர்டன். பத்து வருடம் கழித்து மில்ஸ்.

கதை இதுதான். இளம் விதவையான டச்சஸ் மறுமணம் செய்யக்கூடாது என்று இரண்டு அண்ணன் தம்பிகள் தடுக்கிறார்கள். ஒருவன் கார்டினல், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் பதவியில் இருப்பவன், இன்னொருவன் இவளோடு இரட்டையாகப் பிறந்த ஃபெர்டினாண்ட். அவளோ தன் அரண்மனை நிர்வாகி அன்டோனியோவை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கேட்பதே அவள்தான், மோதிரம் கொடுப்பதும் அவள்தான். அவன் பயந்து மண்டியிடுகிறான். அப்போது அவள் சொல்வதன் சாரம்: உங்கள் கூரை ரொம்பத் தாழ்வாக இருக்கிறது, இதற்குள் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாது, எழுந்திருங்கள்.

வெப்ஸ்டர் அங்கே பேசியது அந்தஸ்தை. அதே வார்த்தைகளை மில்ஸ் சொல்லும்போது எத்தனை அர்த்தங்கள் திறக்கின்றன பாருங்கள். உயரமான ஒருவரைப் பார்த்து, உங்கள் உலகம் எனக்குத் தாழ்வாக இருக்கிறது என்கிறார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவேண்டியதில்லை.

அடுத்து அப்ரிகாட் பழக் காட்சி. டச்சஸ் கர்ப்பமா என்று வேவு பார்க்கும் போசோலா, பழங்களைக் கொடுத்துவிட்டு அவள் சாப்பிடுவதையே உற்றுப் பார்க்கிறான். ஊரே தன் உடம்பைக் கவனிப்பது எப்படி இருக்கும் என்பது உயரம் குறைந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, தெருவில் இறங்கினாலே நடப்பதுதான். அந்த அனுபவத்தோடு ஒருவர் இந்த வேடத்துக்குள் வரும்போது காட்சி இன்னும் கனக்கிறது.

[திரையில்: சுத்தியல் ஒன்றின் கோட்டோவியம்]

மேடை நாடகத்துக்கு லண்டன் போக வேண்டும். ஆனால் நெட்ஃபிளிக்ஸில் 'த விட்சர்: பிளட் ஆரிஜின்' இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்தது, மொத்தம் நாலே பாகம். மாயக்கதையில் வரும் குள்ளர் இனத்துப் பெண்தான் வேடம், அது உண்மை. ஆனாலும் இந்த மெல்டோஃப் யாருடைய கேலிக்கும் ஆளாவதற்காக வரவில்லை. கொல்லப்பட்ட தன் காதலியின் பெயரைச் சுத்தியலுக்கு வைத்துக்கொண்டு பழிவாங்கக் கிளம்பியவள். மில்ஸை முதலில் அதில் பாருங்கள்.