ஏரியைக் காத்த கைகள்

பெரியோர்களே, நண்பர்களே,

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைக் கரை போட்டு மறித்து, மிஞ்சியதைக் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்பினார்கள் நம் முன்னோர். ஆனால் ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை அரிக்கும், ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோகும். பார்க்க ஆளில்லாத ஏரி மெல்ல மேடாகிவிடும்.

பார்த்தவர் யார்?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெருமையோடு சொல்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தவை. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில், ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவை) மேல் இறை செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே அந்த வாய்ப்பு. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கரையில் நின்றவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் தலித் குடும்பத்தவர். அடைமழை இரவில் கரையைச் சுற்றி வந்து உடைப்பு விழுகிறதா என்று பார்ப்பார். குமிழித் தூம்பு, அதாவது ஏரிக்குள்ளேயே அமைந்த மதகு, உள்ள ஏரியில் நீருக்குள் முங்கி அடைப்பை நீக்குவார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிடுவதும் அவரே. பெரும்பாலும் ஏரி நீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. அதனாலேயே அவர் பங்கீட்டை ஊர் நம்பியது. களத்தில் அளந்த நெல்தான் கூலி. அவரை நம்பிய ஊர் அவருக்கு நிலம் கொடுக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

ஊரார் கூடி உழைத்து ஏரியைச் செப்பனிடுவதுதான் குடிமராமத்து. 1858இல் அதற்குச் சட்டமே வந்தது. வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அது வழி செய்தது. ஆனாலும் அந்த ஏற்பாடு தளர்ந்தது. பிறகு பம்புசெட் வந்தது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு ஏரிக்கரையில் வேலையில்லை. கிணறில்லாத சிறு விவசாயி தனியாக மண்வெட்டியைத் தூக்கி என்ன செய்வார்? அந்தக் கிணற்றுக்கு ஊற்றுக் கொடுப்பதும் ஏரிதான் என்பது கிணறு வற்றிய பிறகே பலருக்கு உறைத்தது.

2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது. தூர்வாரியது நல்லது. அடுத்த ஆண்டு மடையைப் பார்ப்பது யார்?

அக்டோபர் 2ஆம் தேதி கிராமசபை கூடும். போய்க் கேளுங்கள். நம் ஏரிக்கு நீர்க்கட்டி இருக்கிறாரா? மீன் குத்தகைப் பணம் எங்கே போகிறது? அதிலிருந்து அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க என்ன தடை? தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.