டிராஃப்டில் பெயர் வந்துவிட்டது. அணியில் இடம் இருக்கிறதா?

[திரையில்: மான்ட்ரியல் பெல் சென்டர், ஜூலை 2022. மேடையில் நான்கு இளைஞர்கள், நான்கு சீருடைகள்.]

என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக். அதன் அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2022 டிராஃப்டின் முதல் நான்கு பெயர்கள் இவை. முதலிடம் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி, மான்ட்ரியல் கனேடியன்ஸ். அடுத்து சிமோன் நெமெட்ஸ், நியூ ஜெர்சி டெவில்ஸ். மூன்றாவது லோகன் கூலி, அப்போது அரிசோனாவில் இருந்த கயோட்டீஸ். நான்காவது ஷேன் ரைட், சியாட்டில் கிராக்கன். நால்வருக்கும் வயது 18.

மூன்றே மாதத்தில், அக்டோபரில் சீசன் தொடங்கியபோது, நால்வரும் நான்கு திசையில் இருந்தார்கள். ஸ்லாஃப்கோவ்ஸ்கி நேராக என்.எச்.எல். அணியில். நெமெட்ஸ் அதற்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல். லீக்கில். கூலி மினசோட்டா பல்கலைக்கழகத்தில். ரைட் சியாட்டில் பட்டியலில் இருந்தார், ஆனால் பல ஆட்டங்களில் களத்தில் இறங்கவில்லை. ஜனவரியில் அவரை மறுபடி, 20 வயது வரையிலானவர்கள் ஆடும் ஜூனியர் ஹாக்கிக்கே அனுப்பிவிட்டார்கள்.

இந்த நால்வருக்கும் இடையே திறமையில் இவ்வளவு தூரம் கிடையாது. அவர்களைப் பிரித்தது பெரும்பாலும் விதிகள். ஓர் இளம் வீரர் அணிக்குள் வருவாரா என்று கேட்கும்போது ரசிகர்கள் கோல் கணக்கைப் பார்க்கிறார்கள். அணி மேலாளர் முதலில் பார்ப்பது வேறு: காலி இடம் இருக்கிறதா, இவரை வேறு எங்கே அனுப்ப முடியும், அனுப்பினால் யாராவது பறித்துக்கொள்வார்களா?

[திரையில்: 23 கட்டங்கள் கொண்ட அட்டவணை.]

காலி இடத்திலிருந்து தொடங்குவோம். லீக்கில் 32 அணிகள். டிராஃப்டில் 7 சுற்று. ஆக ஆண்டுக்கு 224 பேர். அணியின் பட்டியலில் இருக்கக்கூடியவர்கள் 23 பேர். ஆட்ட நாளில் சீருடை அணிபவர்கள் 20 பேர்தான்: ஃபார்வர்ட் 12, டிஃபென்ஸ்மேன் 6, கோலி (கோல்கீப்பர்) 2. ஃபார்வர்ட்கள் மூன்று மூன்று பேராக நான்கு வரிசையாக இறங்குவார்கள். முதல் இரண்டு வரிசைகள் கோல் அடிக்க. நான்காவது வரிசைக்கு ஓர் ஆட்டத்தில் 8 முதல் 10 நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

சிக்கல் அங்கேதான். கோல் அடிப்பதற்காகவே தேர்வான பையனை நான்காவது வரிசையில் போட்டால் அவன் திறமைக்கு அங்கே வேலை இல்லை. அங்கே வேண்டியது உடலால் மோதுவது, களத்தைச் சுற்றியுள்ள பலகையோரத்தில் மல்லுக்கட்டுவது, பெனால்டி நேரத்தில் ஓர் ஆள் குறைவாக நின்று தடுப்பது. 30 வயதுக்காரர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார், குறைந்தபட்சச் சம்பளத்துக்கே செய்வார். அதனால் உயர்ந்த இடத்தில் தேர்வான ஃபார்வர்டுக்கு முதல் மூன்று வரிசைகளில் இடம் இல்லையென்றால், பட்டியலில் சேர்ப்பதே அவருக்குக் கெடுதல். ரைட்டுக்கு 2022 அக்டோபரில் நடந்தது அதுதான். களமிறங்கிய ஆட்டங்களில் அவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. 18 வயதில் ஆட்டமே ஆடாமல் உட்கார்ந்திருப்பதைவிட மோசமான பயிற்சி வேறில்லை.

சரி, கீழ் லீக்குக்கு அனுப்பியிருக்கலாமே? முடியாது.

[திரையில்: கனடா வரைபடம். ஓ.எச்.எல்., டபிள்யூ.எச்.எல்., கியூபெக் லீக்.]

இந்த மூன்று கனடிய ஜூனியர் லீக்குகளும் சேர்ந்தது சி.எச்.எல். அங்கிருந்து டிராஃப்ட் ஆனவரை டிசம்பர் 31-க்குள் 20 வயது நிரம்பும் சீசன் வரை, அல்லது ஜூனியரில் நான்கு ஆண்டு முடியும் வரை, ஏ.எச்.எல்.-க்கு அனுப்ப முடியாது. என்.எச்.எல்.-லில் வைத்துக்கொள், இல்லையேல் ஜூனியருக்கே திருப்பிக் கொடு. நடுவில் படி கிடையாது. ஜூனியர் அணிகள் தங்கள் நட்சத்திரங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சின்ன ஊர்களில் டிக்கெட் விற்பதே அந்தப் பையன்களை வைத்துத்தான். ஆனால் 16 வயதிலிருந்து அதே லீக்கில் எல்லோரையும் தாண்டி ஆடிக்கொண்டிருப்பவருக்கு 19 வயதில் இன்னொரு சீசன் அங்கே ஆடுவதால் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்காது.

ஐரோப்பாவிலிருந்து தேர்வானவருக்கு இந்தக் கட்டு இல்லை. ஸ்லாஃப்கோவ்ஸ்கி வந்தது பின்லாந்தின் டி.பி.எஸ். அணியிலிருந்து, நெமெட்ஸ் ஸ்லோவாக்கியாவின் நித்ராவிலிருந்து. அதனால் நியூ ஜெர்சி நெமெட்ஸை 18 வயதிலேயே ஏ.எச்.எல்.-இன் யூட்டிகா காமெட்ஸுக்கு அனுப்பிப் பெரிய ஆட்களோடு ஒரு முழு சீசன் ஆடவைத்தது. ரைட் கிங்ஸ்டன் ஃபிரண்டனாக்ஸ் என்ற ஓ.எச்.எல். அணியிலிருந்து வந்தவர். சியாட்டிலுக்குக் கிடைத்த ஒரே சந்து, உட்கார வைக்கப்பட்ட வீரரை ஆட்டத்துக்குத் தயார்படுத்த அதிகபட்சம் 14 நாள் கீழே அனுப்பும் விதி. அதை வைத்து அவரைத் தங்கள் ஏ.எச்.எல். கிளையான கோச்செல்லா வேலி அணியில் ஐந்து ஆட்டம் ஆடவிட்டார்கள். ஐந்து ஆட்டத்தில் நான்கு கோல்.

அடுத்த சீசனில் இன்னும் நெருக்கமான ஒரு கணக்கு. ரைட் பிறந்தது 2004 ஜனவரி 5. அதாவது டிசம்பர் 31 என்ற எல்லையை ஐந்து நாளில் தவறவிட்டவர். 15 வயதிலேயே சிறப்பு அனுமதியோடு ஓ.எச்.எல்.-லில் நுழைந்தவர் என்பதால், 2023-இல் அவருக்கு விதிவிலக்கு கொடுத்து ஏ.எச்.எல்.-லில் ஆடவிட்டார்கள். 59 ஆட்டம், 22 கோல், 25 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்). அதற்கடுத்த 2024-25 சீசனில் சியாட்டிலுக்காக 82-இல் 79 ஆட்டம், கோலும் அசிஸ்டும் சேர்த்து 44 புள்ளி. அந்த விடுபட்ட மூன்று ஆட்டங்களும் காயத்தால் அல்ல. நவம்பரில் பயிற்சியாளர் டான் பைல்ஸ்மா அவரை வெளியே உட்கார வைத்தார். கோச்செல்லா வேலியில் அவரை வளர்த்தவரே பைல்ஸ்மாதான். அதற்குப் பிறகுதான் ரைட்டின் ஆட்டம் சூடு பிடித்தது.

இந்தக் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. 2026-27 சீசனிலிருந்து அமலாகும், லீக்குக்கும் வீரர்களுக்கும் இடையிலான புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில், ஓர் அணி 19 வயது சி.எச்.எல். வீரர் ஒருவரை ஏ.எச்.எல்.-க்கு அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள். இன்னொரு மாற்றம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பக்கம்: 2025 ஆகஸ்ட் முதல் சி.எச்.எல்.-லில் ஆடியவர்களும் அங்கே ஆடலாம். இளம் நட்சத்திரம் கேவின் மெக்கென்னா டபிள்யூ.எச்.எல்.-லின் மெடிசின் ஹாட் அணியை விட்டுப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது அப்படித்தான். ஓ.எச்.எல். சீசனில் 68 ஆட்டம். பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய அதில் பாதி, அதுவும் பெரும்பாலும் வெள்ளி, சனியில். மீதி நாளெல்லாம் ஜிம்மும் பயிற்சியும். எதிரே நிற்பவர்களுக்கு 22, 23 வயது. உடல் இன்னும் தேறாத பையனுக்கு இது நல்ல வழி என்பதே எங்கள் கணிப்பு. லோகன் கூலி மினசோட்டாவில் ஓர் ஆண்டில் 39 ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்துவிட்டு, மறு ஆண்டு அரிசோனாவில் 82 ஆட்டமும் ஆடி 20 கோல் அடித்தார்.

[திரையில்: பெரிய எழுத்தில் 9, பக்கத்தில் 10.]

இனி பணம். 18 வயதில் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு. 2022-இல் தேர்வானவர்களுக்கு அடிப்படைச் சம்பள உச்சவரம்பு ஆண்டுக்கு 9,50,000 டாலர். நன்றாக ஆடும் ஒருவர் இந்த விலைக்குக் கிடைப்பது அணிக்கு லாபம். 18, 19 வயதில் அவர் ஒரு சீசனில் 10 என்.எச்.எல். ஆட்டத்தைத் தொடவில்லை என்றால் ஒப்பந்தத்தின் அந்த ஆண்டு கழியாது. அப்படியே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அதனால்தான் அக்டோபர் கடைசியில் "ஒன்பது ஆட்டம் ஆகிவிட்டது, இனி என்ன?" என்ற பேச்சு எழுகிறது. பத்தாவது ஆட்டத்தில் இறக்கினால், அணி இந்த ஆண்டை அவருக்காகச் செலவழிக்கத் துணிந்துவிட்டது என்று பொருள்.

ரைட் முதல் இரண்டு சீசனிலும் என்.எச்.எல்.-லில் ஆடியது எட்டு எட்டு ஆட்டம். ஒப்பந்தம் இரண்டு முறை தள்ளிப்போய், 2022-இல் போட்ட மூன்றாண்டு ஒப்பந்தம் 2026-27 வரை ஓடுகிறது. ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் ஆண்டே 39 ஆட்டம் ஆடினார், முழங்கால் காயத்தோடு சீசன் முடிந்தது, நான்கே கோல். மான்ட்ரியல் ஓர் ஆண்டை வீணாக்கிவிட்டது என்று அப்போது பலரும் சொன்னார்கள். மறு ஆண்டு 82 ஆட்டம், 50 புள்ளி. 2024 ஜூலையில் எட்டு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 76 லட்சம் டாலர்.

சீசனுக்கு முந்தைய செப்டம்பர் முகாமில் நன்றாக ஆடிய இளைஞர் ஏன் அணியிலிருந்து வெட்டப்படுகிறார், சுமாராக ஆடிய மூத்தவர் ஏன் தங்குகிறார்? இதற்கான விடை வேவர் விதியில் இருக்கிறது. அனுபவமுள்ள வீரரைக் கீழே அனுப்புவதற்கு முன் அவரை 24 மணி நேரம் வேவர் பட்டியலில் வைக்க வேண்டும். மற்ற 31 அணிகளில் எதுவும் அவரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இளைஞருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. 18 வயதில் ஒப்பந்தமிட்ட, கோலி அல்லாத வீரருக்கு 5 ஆண்டு அல்லது 160 ஆட்டம், எது முந்துகிறதோ அதுவரை. 18, 19 வயதிலேயே ஒரு சீசனில் 11 ஆட்டம் ஆடிவிட்டால் அந்த 5 ஆண்டு 3 ஆகச் சுருங்கும். ஆக இருவரும் ஏறக்குறைய சமம் என்றால், இழக்கும் அபாயம் இல்லாதவரையே அணி கீழே அனுப்பும். வெட்டப்பட்ட இளைஞர் தோற்றுவிட்டார் என்று எடுத்துக்கொள்வது தவறு.

நெமெட்ஸின் கதையில் இது முழுதாகத் தெரியும். 2023 நவம்பர் கடைசியில் நியூ ஜெர்சியின் டூகி ஹாமில்டன் மார்புத் தசை கிழிந்து வெளியேறினார். டிசம்பர் 1-ஆம் தேதி நெமெட்ஸுக்கு முதல் ஆட்டம். அந்த சீசனில் 60 ஆட்டம் ஆடினார். இனி நிரந்தரம் என்றுதான் தோன்றியது. 2024 கோடையில் அணி பிரெட் பெஷி, பிரெண்டன் டில்லன், ஜானதன் கோவாசெவிச் என மூன்று டிஃபென்ஸ்மேன்களைக் கொண்டுவந்தது. ஆறு இடம் நிரம்பிவிட்டது. தோள் காயத்திலிருந்து திரும்பிய நெமெட்ஸுக்கு வேவர் விலக்கு இன்னும் இருந்ததால், அவர் மறுபடி யூட்டிகாவுக்குப் போனார். என்.எச்.எல்.-லில் அந்த ஆண்டு 27 ஆட்டம்தான்.

[திரையில்: சொந்த எல்லையில் வலது பலகையோரம். விங்கர் மேல் வட்டம்.]

விதிகளைத் தாண்டி, பனியின் மேல் ஒரு பயிற்சியாளர் எதைப் பார்த்து "இவன் இன்னும் தயாரில்லை" என்கிறார்? ஒரே ஒரு காட்சியை நிறுத்திப் பார்ப்போம். விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் ஃபார்வர்ட், சொந்த எல்லையில் பலகையோரம் நிற்கிறார். சக டிஃபென்ஸ்மேன் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கை (ஆடும் ரப்பர் வட்டை)ப் பலகையை ஒட்டிச் சுழற்றி விடுகிறார். அதே நேரத்தில் எதிரணி டிஃபென்ஸ்மேன் அந்த எல்லையின் விளிம்பான நீலக்கோட்டிலிருந்து விங்கரை நோக்கிப் பாய்கிறார்.

பக் வருவதற்குள் விங்கர் தோளுக்கு மேல் திரும்பி இருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்: வருகிறவர் எவ்வளவு தூரம், நடுவில் ஆடும் நம் சென்டர் எங்கே. இடுப்பைப் பலகையில் பதித்து, பக்கை மட்டையால் மட்டும் பிடிக்க முயலாமல் ஸ்கேட்டாலும் அடைத்து நிறுத்த வேண்டும். பலகையில் பட்டு வரும் பக் துள்ளும். அடுத்து ஒரே தொடுதலில் சென்டரிடம், அல்லது பாய்ந்து வருபவரைத் தாண்டி நீலக்கோட்டுக்கு வெளியே. இவ்வளவுதான் வேலை. ஜூனியரில் எதிரணி டிஃபென்ஸ்மேன் நட்சத்திர ஃபார்வர்டைக் கண்டு பின்வாங்குவார். பையனுக்குத் திரும்பி நிமிர்ந்து ஓட நேரம் இருக்கும். என்.எச்.எல்.-லில் அந்த நேரம் இல்லை. அவன் பழக்கத்தில் திரும்புகிறான், முதுகில் 95 கிலோ வந்து மோதுகிறது, பக் பறிபோகிறது. ஐந்து பேரும் சொந்த எல்லையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு தடவை இறங்கினால் 40, 45 நொடியில் ஆள் மாற வேண்டும். மாற முடியாமல் ஒன்றரை நிமிடம் ஓடினால் கால் கனத்துவிடும், கோல் விழும். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவதில் அணிகள் பக்கம் மாறி, மாற்று ஆட்கள் அமரும் இருக்கை சொந்த எல்லையிலிருந்து தொலைவில் இருப்பதால் இது இன்னும் கொடியது. டிஃபென்ஸ்மேன்கள் செய்யும் பிழைக்கு விலை இதைவிட அதிகம், ஏனென்றால் அவர்களுக்குப் பின்னால் கோலி மட்டுமே. அவர்கள் என்.எச்.எல்.-க்குத் தாமதமாக வருவதற்குக் காரணம் அது.

கோலிகளைப் பற்றிச் சுருக்கமாக: ஓர் அணியில் இரண்டே இடம், அதில் ஒன்றில் இருப்பவர் பெரும்பாலான ஆட்டங்களை ஆடிவிடுவார். கானர் ஹெல்பக் 2012-இல் 130-ஆவது ஆளாகத் தேர்வானார். பல்கலைக்கழகம், ஏ.எச்.எல். எல்லாம் தாண்டி வின்னிபெக்கில் முதல் ஆட்டம் ஆடியது 2015-16 சீசனில். 20 வயது கோலி இன்னும் வரவில்லையே என்று கவலைப்படவே தேவையில்லை.

[திரையில்: செப்டம்பர் நாட்காட்டி.]

கடைசியாக, முகாம் நேரத்தில் எதைப் பார்ப்பது. ஜூலை பயிற்சி முகாமில் பெரும்பாலும் திறன் பயிற்சிதான். அதில் யாருக்கும் அணியில் இடம் கிடைத்துவிடாது. செப்டம்பரில் முதலில் இளம் வீரர்கள் தங்களுக்குள் ஆடும் போட்டி, பிறகு முழு அணியின் முகாம், முன்னோட்ட ஆட்டங்கள். முன்னோட்ட ஆட்டத்தில் ஓர் அணி குறைந்தது 8 அனுபவ வீரர்களை இறக்கினால் போதும். ஆகவே முதல் ஆட்டங்களில் எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் ஏ.எச்.எல். ஆட்கள், அங்கே விழும் இரண்டு கோலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைசி இரண்டு ஆட்டங்களில் முழு அணி இறங்கும். அப்போது இளைஞர் எந்த வரிசையில் யாரோடு இறங்குகிறார், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் பனியில் இருக்கிறாரா, இருக்கையில் இருக்கிறாரா என்று பாருங்கள். அதே வாரத்தில் அவர் இடத்துக்குப் போட்டியிடும் மூத்தவரின் பெயர் வேவர் பட்டியலில் வருகிறதா என்றும் பாருங்கள். அது வந்துவிட்டால் அணி முடிவெடுத்துவிட்டது.