மீன் வாங்கினேன், மீனை வாங்கினேன்

(பாம்பனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கூட்டம் ஏற்பாடு செய்த தம்பிகள் போன வாரமே ஒரு பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு வைத்து, இங்கிலீஷில் என்ன கேட்க வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி அத்தனையையும் பிரித்துப் படித்தேன். பாதிச் சீட்டு 'சார், ஐ ஹாவ் எ டவுட்' என்றுதான் ஆரம்பிக்கிறது. சரி, அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

தமிழில் தெரியாததைக் கேட்பதும் சந்தேகம்தான், புருஷன் நேரம் கழித்து வந்தால் பொண்டாட்டிக்கு வருவதும் சந்தேகம்தான். இங்கிலீஷ்காரனுக்கு 'டவுட்' என்றால் பெரும்பாலும் இரண்டாவது சங்கதி. நம் ஊர் வாத்தியாரிடம் 'டவுட்' என்று கேட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இந்தியா முழுக்க அப்படித்தான் பேசுகிறோம், அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டு மேனேஜர் ஒருவர் பேசி முடித்ததும் எழுந்து நின்று 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால், நாம் சொன்னதை இவன் நம்பவில்லையோ என்று நெற்றியைச் சுருக்குவார். அவரிடம் 'க்வெஸ்சன்' என்று கேட்டுவிடுங்கள்.

முப்பது வருஷம் இந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் நடத்தினேன். முதல் பத்து வருஷம் சிவப்பு மையில் அடித்துத் தள்ளியதுதான் என் வேலை. அப்புறம்தான் உறைத்தது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தடுக்கி விழுகிறார்கள். ஒரு வகுப்பே ஒரே கல்லில் தடுக்கினால் பிள்ளைகளைத் திட்டி என்ன பயன், கல்லைத்தானே பார்க்க வேண்டும். பார்த்தேன். பல இடங்களில் அந்தக் கல் நம் தமிழ் இலக்கணமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம், சில இடங்களில் தாண்டுவதற்கான படியும் அதே தமிழிலேயே இருந்தது.

டின்னில் அதிகமாக விழுந்த கேள்வி, இங்கிலீஷ் 'த' (the) எங்கே போடுவது? தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாதே என்று ஒரு பிள்ளை அழாத குறையாக எழுதியிருக்கிறது. சொல் கிடையாதுதான். வேலை உண்டு. கேளுங்கள். கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிற அம்மா, 'மீன் வாங்கினேன்' என்கிறார். ஏதோ மீன், அவ்வளவுதான். அதே அம்மா 'மீனை வாங்கினேன்' என்றால் உடனே நமக்கு என்ன தோன்றும்? எந்த மீன், காலையில் ஏலத்தில் பார்த்தோமே அதுவா என்று. கேட்பவருக்கும் தெரிந்த மீன் என்று 'மீனை'யின் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'ஐ' காட்டிக்கொடுக்கிறது. முதலாவது 'ஐ பாட் ஃபிஷ்'. இரண்டாவது 'ஐ பாட் த ஃபிஷ்'. வலை வாங்கினான், வலையை வாங்கினான். ஐஸ் உடைத்தான், ஐஸை உடைத்தான். சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே விழும். நாலு வயசுப் பிள்ளைக்கும் இது தெரியும், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இதை நம்பிவிட வேண்டாம். ஆட்களைச் சொல்லும்போது தமிழில் 'ஐ' எப்படியும் வந்துவிடும், 'தம்பியைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல முடியும். 'மீன் வந்துருச்சா?' என்று மீன் எழுவாயாக நிற்கும்போது 'ஐ' சேர்க்கவே வழியில்லை. அங்கெல்லாம் 'அந்த' என்று ஒன்றை மனசுக்குள் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் 'த' வரும்.

ஊர்ப் பெயர், கடல் பெயர் வேறு கணக்கு. நமக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்றும், அலை அடிப்பதை ஆண்கடல் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கிலீஷில் முதலாவது வெறும் 'பாக் பே', இரண்டாவது 'த கல்ஃப் ஆஃப் மன்னார்'. ஒரே பாலத்தின் இரண்டு பக்கம், ஒன்றுக்கு 'த' உண்டு, ஒன்றுக்கு இல்லை. நடுவில் 'ஆஃப்' நிற்கிற கடல் பெயருக்கு முன்னால் 'த' வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 'த பே ஆஃப் பெங்கால்' மாதிரி. நாட்டுப் பெயரிலும் அப்படி ஒன்று உண்டு. கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டுக்கு வீடு வளைகுடா நாடுகளில் ஆள் இருக்கிறது. சவுதி, கத்தார், குவைத், ஓமன் எதற்கும் 'த' கிடையாது. துபாய் இருக்கிற நாட்டுக்கு மட்டும் 'த யு.ஏ.இ.', ஏனென்றால் அந்தப் பெயரே 'ஒன்றாய்ச் சேர்ந்த அமீரகங்கள்' என்று விளக்கம் சொல்கிற பெயர். தீவுக்கூட்டமான மாலத்தீவும் 'த மால்டீவ்ஸ்'தான்.

அடுத்தது, 'ஹாஸ் பீன்' (has been), 'ஹாஸ் கான்' (has gone) குழப்பம். இதில் ஒரு பெண்பிள்ளை வசமாக மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியும். அவள் அப்பாவைத் தேடி மீன் வாங்கும் கம்பெனியிலிருந்து போன் வந்தது, பேசியவருக்குத் தமிழ் தெரியாது. 'அப்பா கடலுக்குப் போயிருக்காங்க' என்பதை அப்படியே மாற்றி 'ஹி ஹாஸ் பீன் டு ஸீ' என்று சொல்லிவிட்டாள். போனில் இருந்தவருக்கு என்ன புரிந்தது? போய்விட்டுத் திரும்பிவிட்டார் என்று. 'அப்படியா, போனை அவரிடம் கொடு' என்று அவர் சொல்ல, இவள் மறுபடியும் அதையே சொல்ல, கடைசியில் அவர் கோபத்தோடு வைத்துவிட்டார். தமிழில் 'போயிருக்காங்க' இரண்டுக்கும் ஆகும். 'ராமேஸ்வரம் போயிருக்கீங்களா?' என்றால் எப்போதாவது போன அனுபவம் உண்டா என்று கேட்கிறோம். 'அப்பா ராமேஸ்வரம் போயிருக்காங்க' என்றால் ஆள் இப்போது வீட்டில் இல்லை. இங்கிலீஷ் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அனுபவம் என்றால் 'பீன்', ஆள் இன்னும் திரும்பவில்லை என்றால் 'கான்'.

இதே 'இருக்கு' இன்னொரு வம்பும் பண்ணும். காலையில் கதவைத் திறக்கிறோம், மணல் ஈரமாகக் கிடக்கிறது. 'ராத்திரி மழை பெய்திருக்கு' என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்து ஊகிக்கிறோம். அதை 'இட் ஹாஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று எழுதினால் பரிட்சையில் மார்க் போகும். 'லாஸ்ட் நைட்' என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே 'ஹாஸ்' உட்காராது. பெய்ததைப் பார்த்தவன் 'இட் ரெய்ன்ட்' என்பான், ஈர மணலைப் பார்த்தவன் 'இட் மஸ்ட் ஹாவ் ரெய்ன்ட்' என்பான். அனுபவத்துக்கு நம் 'இருக்கு' இங்கிலீஷோடு ஒத்துப்போகும், ஊகத்துக்கு ஒத்துப்போகாது. நான் பார்த்த எந்த இலக்கணப் புத்தகத்திலும் இதை நமக்காக யாரும் எழுதி வைக்கவில்லை என்பது என் பழைய ஆதங்கம்.

'பத்து வருஷமா துபாயில் இருக்கேன்' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்ட தம்பிக்கு ஒரே வரி. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. தனுஷ்கோடியைப் புயல் அடித்தது 1964 டிசம்பரில். அந்த ஊர் 'சின்ஸ் 1964' பாழாய்க் கிடக்கிறது, 'ஃபார் ஓவர் சிக்ஸ்டி இயர்ஸ்' கிடக்கிறது. தமிழில் நிகழ்காலத்தில் 'இருக்கேன்' என்று முடித்தாலும் இங்கிலீஷில் 'ஹாவ் பீன்' வேண்டும். அவ்வளவுதான்.

இனி சொற்கள். இங்கேதான் எனக்குக் கொண்டாட்டம்.

என் பழைய மாணவன் ஒருவன் கடல் உணவு ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கணவாய் தயாராக இருக்கிறது என்று மெயில் போடச் சொன்னார்கள். அகராதியைப் பார்த்து 'ஸ்க்விட்' என்று போட்டுவிட்டான். கூடையில் இருந்ததோ ஓட்டுக்கணவாய். வாங்குகிறவர் விலை பேசி, போட்டோ கேட்டு, படத்தைப் பார்த்ததும் கத்தியிருக்கிறார். பையனுக்குக் கம்பெனியில் நல்ல மண்டகப்படி. அவன் மேல் என்ன தப்பு? நமக்கு எல்லாமே கணவாய். ஊசிக்கணவாய்தான் 'ஸ்க்விட்'. உள்ளே வெள்ளையாக ஓடு இருக்குமே, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கொடுப்பார்களே, அந்த ஓடு உள்ளது 'கட்டில்ஃபிஷ்'. பேய்க்கணவாய் 'ஆக்டபஸ்'. நம் ஆட்கள் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துப் பிரிக்கிறார்கள், அவர்கள் தனித்தனிப் பெயராக வைத்துவிட்டார்கள். அகராதி வெறும் 'கணவாய்' என்பதோடு நின்றுவிட்டால் கூடையைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, 'கட்டில்ஃபிஷ்', 'ஜெல்லிஃபிஷ்', 'ஸ்டார்ஃபிஷ்' மூன்றும் பெயரில்தான் மீன்.

அதே மாதிரிதான் பாசி. பாசி எடுக்கிற அம்மாவைப் பற்றி ஒரு பிள்ளை கட்டுரை எழுதினாள். 'மை மதர் கலெக்ட்ஸ் மாஸ்.' 'மாஸ்' என்றால் மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் படருகிற பச்சை. அவள் அம்மாவோ துணியைக் கண்ணாடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் கை கிழிய எடுப்பது 'ஸீவீட்'. அந்தக் கட்டுரைக்கு நான் மார்க் குறைக்கவில்லை. கோயில் பக்கம் கடைகளில் சங்கோடு சேர்த்து விற்கிறார்களே பாசிமணி, அதற்கு மறுபடியும் வேறு சொல், 'பீட்ஸ்'.

சரி, நாம் வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, கொடுத்தது ஏதாவது உண்டா என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். உண்டு. சுருட்டுதான் 'செரூட்', மிளகுத்தண்ணீர்தான் 'முல்லிகட்டானி', கட்டுமரம்தான் 'கேட்டமரான்'. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே கட்டுமரம் வந்துவிட்டது. ஆனால் ஜாக்கிரதை. இன்றைக்கு அவர்கள் 'கேட்டமரான்' என்பது இரண்டு உடல் சேர்ந்த சொகுசுப் படகு. வேலைக்கு மனுப் போடும்போது 'மை ஃபாதர் ஓன்ஸ் எ கேட்டமரான்' என்று எழுதினால், இந்தப் பையனுக்கு எதற்கு வேலை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் இங்கிலீஷ் ஏழை என்று துணிந்து சொல்வேன். நாம், நாங்கள். அவர்களிடம் ஒரே 'வீ'தான். இந்த ஊர்ப் பையன் ஒருவன் பாலம் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் பேச்சுவாக்கில் 'வீ ஆர் கோயிங் டு ஸீ டுமாரோ மார்னிங்' என்றான். அவன் சொன்னது 'நாங்கள்'. அவர்கள் காதில் விழுந்தது 'நாம்'. மறுநாள் விடிகாலை நாலு மணிக்குத் தொப்பி, பை, தண்ணீர் பாட்டிலோடு வல்லப் படகுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். ஏற்றவும் முடியாது, விரட்டவும் முடியாது. பையனின் மாமா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார். அப்படிப்பட்ட இடத்தில் 'மை அங்கிள் அண்ட் ஐ' என்று ஆளைச் சொல்லிவிடுவது நல்லது.

மைக் செட் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசிச் சீட்டு ஒன்று இருக்கிறது, ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. 'அப்துல் கலாம் எத்தனையாவது ஜனாதிபதி? இதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது?' நம் ராமேஸ்வரத்துக்காரர் 2002இல் பதவியேற்றார், பதினொன்றாவது ஜனாதிபதி. அது எல்லாருக்கும் தெரியும். கேள்விதான் சிக்கல். 'எத்தனையாவது' என்பதற்கு இங்கிலீஷில் ஒற்றைச் சொல் கிடையாது. 'வாட் நம்பர் ப்ரெசிடென்ட் வாஸ் ஹி?' என்று கேட்கலாம், புரிந்துகொள்வார்கள், ஆனால் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும். 'ஹவ் மெனி ப்ரெசிடென்ட்ஸ் கேம் பிஃபோர் ஹிம்?' என்று கேட்டு, வருகிற பதிலோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

யாரம்மா இதை எழுதியது? நீயா? வீட்டில் நீ எத்தனையாவது பிள்ளை? மூணாவதா? அப்படியானால் 'ஐ ஆம் த தேர்ட்'. அங்கே 'த' போட வேண்டும், மறந்துவிடாதே.