டயாலிசிஸ் நோயாளியின் தாகத்துக்கு யார் பொறுப்பு? வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய விளக்கம்

வணக்கம். டயாலிசிஸ் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி என்ற வழக்கமான வேகத்தில் சுத்திகரிப்புத் திரவம் ஓடுகிறது என்றால், நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் ஓடிவிடும். அதே இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் மனிதரோ, சிறுநீர் நின்றுபோனவராக இருந்தால், பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குள்தான் நீர் அருந்த வேண்டும். காலைக் காப்பியும் கஞ்சியும் ரசமும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அந்த ஒரு லிட்டருக்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கு ஒருவருடைய மனத்தை என்ன செய்கிறது என்பதே இன்றைய விளக்கம். உங்கள் வீட்டில் சமைப்பவர் யாரோ அவரையும் அழைத்து அருகில் அமர வைத்துக்கொள்ளுங்கள்; இந்தக் காணொளியின் பெரும்பகுதி அவருக்கானது.

(திரையில்: பழைய கருப்பு வெள்ளைப் படங்கள்)

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: 1943இல் நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகம், 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் நோயாளியின் இரத்தக் குழாய்களில் நிலையாகப் பொருத்திய குழாய் இணைப்புக்குப் பிறகுதான், ஒரே நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் பயன்படும் சிகிச்சையாக மாறியது.

ஆண்டுக்கணக்கில் வாழ முடிந்தபோதுதான் மனம் என்ற கேள்வியும் எழுந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, மருத்துவர் நேரில் பேசிக் கண்டறியும்போது டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கும், கேள்வித்தாளை நிரப்பச் சொல்லும்போது ஏறத்தாழ 39 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு தென்படுகிறது. இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். சிறுநீரகச் செயலிழப்பின் அறிகுறிகளும் அவையே. ஆகவே வெறும் சோர்வை மட்டும் பார்க்காமல், முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் போய்விட்டதா, தன்னைப் பயனற்றவராக, பிறருக்குச் சுமையாக நினைக்கிறாரா என்பதைத் தனியே கேட்க வேண்டும்.

இனி தாகத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால், சற்று நீளமாகப் பேசப் போகிறேன்.

ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் தொடங்கும் முன் நோயாளியை எடைக்கருவியில் ஏற்றுவார்கள். டிரை வெயிட் எனப்படும் அடிப்படை எடையைவிட, அதாவது உடலில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்கும் எடையைவிட, எத்தனை கிலோ கூடியிருக்கிறது என்று உரக்கச் சொல்லி எழுதுவார்கள். அறுபது வயது மனிதர் ஒருவர், வாரத்துக்கு மூன்று முறை, மதிப்பெண் அட்டையை நீட்டும் பள்ளிப் பிள்ளையைப்போல அங்கே நிற்கிறார். மூன்று கிலோ கூடியிருந்தால் செவிலியர் கண்டிக்கிறார், மனைவி அழுகிறார், மகன் தொலைபேசியிலேயே கோபப்படுகிறான். “நாக்கைக் கட்டுப்படுத்தத் தெரியாதா?” என்ற கேள்வி, ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவரை மேலும் அழுத்துகிறது.

ஆனால் உடலியல் என்ன சொல்கிறது? இரத்தத்தின் உப்புச் செறிவை உடல் பிடிவாதமாக ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும். சிறுநீர் போகாத ஒருவர் ஒன்பது கிராம் உப்பு உண்டால், அதைச் சமன்செய்ய ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை உடல் கேட்டே தீரும். அதைத்தான் நாம் தாகம் என்கிறோம். கருவாடு, மாங்காய் ஊறுகாய், அப்பளம், உப்புத் தூக்கலான மீன்குழம்பு ஆகியவற்றைப் பரிமாறிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. குற்றவாளியை விருந்துக்கு அழைத்துவிட்டுச் சாட்சியைச் சிறையில் அடைக்கும் வேலை அது. கருவாடு இல்லாமல் மழைக்காலம் கழியாத நம் குமரி மாவட்டத்துக் கடற்கரை வீடுகளில் இது நிச்சயம் பேசப்பட வேண்டும்.

இந்துப்பு உடலுக்கு நல்லது என்று மாற்றியவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்போ இன்னும் ஆபத்தானது. அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும், அது டயாலிசிஸ் நோயாளியின் இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். அதனால் வீட்டார் அனைவருக்கும் உப்பைக் குறைத்துச் சமையுங்கள். நோயாளிக்கு மட்டும் தனிப் பானை வைத்தால் அவர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். குடிக்கும் அளவை மருத்துவர் சொல்லட்டும். அந்த அளவை எந்த நேரத்தில் எப்படிக் குடிப்பது என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். கருப்பட்டிக் காப்பியோ ஐஸ் துண்டோ, தேர்வு அவருடையதாக இருக்கட்டும். சர்க்கரை நோய் உள்ளவர் கருப்பட்டியை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வேலை இழப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூத்தூர்ப் பகுதியிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்த ஒருவர், வாரம் மூன்று முறை கரையில் இருந்தாக வேண்டும் என்றால், வருமானத்தோடு தம் அடையாளத்தையும் இழக்கிறார். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த இரத்தக் குழாய்) போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது. கணக்கு எழுதுவது, வலை பின்னுவது, ஏலக்கூடத்தில் நிற்பது என அவரது அனுபவத்துக்கு ஏற்ற பொறுப்பைக் குடும்பமும் ஊரும் தேடித் தரலாம். வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்யும் சிஏபிடி முறை பொருந்துமா என்றும் மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கான திரவப் பைகளைத் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வழங்குகிறார்கள்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 120 டயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு டயாலிசிஸ் நாற்காலியிலேயே மனநல ஆலோசனையும், மறு பிரிவினருக்கு மனச்சோர்வைக் குறைக்கும் செர்ட்ரலின் மாத்திரையும் கொடுத்தார்கள். 12 வாரங்களில் இரு பிரிவினருக்கும் சோர்வு குறைந்தது. மாத்திரைப் பிரிவில் சற்றுக் கூடுதலாகக் குறைந்தாலும் பக்கவிளைவுகளும் கூடுதலாக இருந்தன. சிகிச்சையே பெறாத மூன்றாவது பிரிவு அதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் சும்மா கழியும் அந்த நான்கு மணி நேரத்தைப் பயன்படுத்தியதுதான் என்னைக் கவர்ந்தது.

“எனக்கு டயாலிசிஸ் வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், அதட்டி அடக்காமல், எதனால் அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். அன்றே மருத்துவரிடமும் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செல்லும்போது டயாலிசிஸ் அட்டையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் சிறுநீரகம் இயங்காதவருக்குச் சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் மையத்தில் எடையைக் கேட்பதுபோல மனத்தைப் பற்றியும் கேட்கிறார்களா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த காணொளி மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பற்றியது: சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்தால் எவ்வளவு பொட்டாசியம் குறையும் என்று பார்க்கப் போகிறோம்.