ஹூஷர் என்றால் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டிக்காட்டான், காட்டான் என்ற பெயர்களை எந்த ஊர்க்காரரும் விரும்பி ஏற்றதில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலமே அந்த வகைப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. இந்தியானா மாநிலத்தவரைக் கேளுங்கள், “நான் ஹூஷர்” என்பார். 2017இல் அமெரிக்க அரசு அச்சகமே தன் நடைக் கையேட்டில் ‘இந்தியானன்’ என்பதை விட்டுவிட்டு ‘ஹூஷர்’ என்று மாற்றியது.

பெயர் எப்படி வந்தது? ஆளுக்கொரு கதை சொல்வார்கள். குடிசைக் கதவைத் தட்டினால் உள்ளிருந்து “யாரங்கே?” (ஆங்கிலத்தில் ‘ஹூஸ் ஹியர்’) என்று வரும் குரல் திரிந்தது என்பார் ஒருவர். கால்வாய் வேலைக்கு ஆள் பிடித்த சாமுவேல் ஹூஷர் என்ற ஒப்பந்தக்காரரின் பெயர் என்பார் இன்னொருவர். அப்படி ஒருவர் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கவிஞர் ஜேம்ஸ் விட்கம் ரைலி வேடிக்கையாக ஒன்று சொன்னார்: குடியேறிகள் காதைக் கடித்துச் சண்டை போடுவார்களாம், மறுநாள் தரையில் கிடப்பதைப் பார்த்து “இது யாருடைய காது?” (‘ஹூஸ் இயர்’) என்று கேட்பார்களாம். இவை எல்லாமே ஒலியை வைத்துக் கட்டியவை. நான் நம்புவது, 1907இல் ஜேக்கப் பையட் டன் எழுதிய ஆய்வைத்தான். தென் மாநிலங்களில் மலைக்காட்டு முரட்டு ஆளை ஹூஷர் என்று இகழ்ந்தார்கள்; இங்கிலாந்தின் கம்பர்லாந்து வட்டாரத்தில் வழக்கத்துக்கு மீறிப் பெரிதான எதையும் குறித்த ‘ஹூசர்’ அதன் வேராக இருக்கலாம் என்றார் அவர். 1833 புத்தாண்டு நாளில் இந்தியானாவின் தலைநகரான இண்டியானாபொலிஸின் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த ஜான் ஃபின்லியின் கவிதை, அந்தப் பெயரைப் பாசத்தோடு பாடிப் பரப்பியது.

இதே பெயர் அலபாமா மாநிலத்தின் மொபைல் என்ற துறைமுக நகரில் ஒரு தொழிலாளியைக் குறித்தது. பஞ்சு எடை குறைந்த சரக்கு, இடத்தையோ அடைக்கும். ஒரு பொதி கூடுதலாக ஏற்றினாலும் கப்பல்காரருக்கு லாபம். அதனால் சரக்கறையில் திருகு ஜாக்கி வைத்துப் பொதிகளை நெருக்கித் திணித்தார்கள். ஐந்து பேர் ஒரு குழு. நால்வர் ஜாக்கியைத் திருகுவார்கள், எந்தப் பொதி எந்த இடுக்கில் நுழையும் என்று பார்த்துச் சொல்வது ஐந்தாமவர் வேலை. இவர்களைப் ‘பஞ்சு ஹூஷர்கள்’ என்றார்கள் மாலுமிகள்.

மரம் வெட்டும் முகாம்களில் வேறு பொருள். அங்கே ஹூஷர் என்றால் வேலை பழகாத கத்துக்குட்டி. தொழிற்சங்கத்தார் அதையே வினையாக்கினார்கள்: மேஸ்திரி விரட்டினால், வேலை தெரியாதவரைப்போல வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது ‘ஹூஷர் போடுவது’. சம்பளம் குறைந்தால் வேலையும் குறையும் என்பதை வாய் திறக்காமல் சொல்லும் வழி அது. வசைச் சொல்லைத் தொழிலாளி கருவியாக்கிய இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

இனி எச்சரிக்கை. இண்டியானாபொலிஸிலிருந்து மேற்கே சுமார் 390 கிலோமீட்டர் சென்றால் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ். அங்கே ஹூஷர் என்பது கடும் வசை. வீட்டு முற்றத்தில் சக்கரமில்லாத காரைக் கல்மேல் நிறுத்தி வைப்பவர், வாசல் திண்ணையில் கிழிந்த சோபாவைப் போட்டிருப்பவர், தெருவே கேட்கக் கத்துபவர் என்று ஏழை வெள்ளையரைச் சுட்டிப் பேசுவார்கள். ஆளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் நடத்தைக்கும்கூட அடைமொழியாக வரும். இதில் இந்தியானாவுக்குத் தொடர்பே இல்லை. சொல்பவர் பலருக்கு அந்த மாநிலம் நினைவுக்கே வராது.

ஆகவே அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த ஊரில் சொல்கிறோம்? சொல்பவர் அந்த ஊர்க்காரரா? செயின்ட் லூயிஸில் யாரையும் அப்படி அழைக்காதீர்கள், விளையாட்டாகக்கூட. இந்தியானாவில் தயங்க வேண்டாம், “நீங்கள் ஹூஷரா?” என்று கேட்டால் முகம் மலரும். ஆனால் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிய பேச்சு என்றால் கவனம்: ப்ளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழக அணியின் பெயர் ஹூஷர்ஸ். அதே மாநிலத்தின் வெஸ்ட் லாஃபாயெட்டில் உள்ள போட்டிப் பல்கலைக்கழகமான பர்டூவில் படிக்கும் மாணவர், மாநிலத்தால் ஹூஷராக இருந்தாலும், ஆட்டம் நடக்கும் நாளில் அந்தப் பெயரால் அழைத்தால் எதிரணியில் சேர்த்துவிட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.