ஒரு கினி 14 ரூபாய்

வணக்கம் நேயர்களே. எங்கள் வீட்டு அலுமாரிக்குள் ஒரு கோர்னெட் இருக்கிறது. ட்ரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி. கொஞ்சம் கட்டையாகச் சுருண்டிருக்கும். பெரியப்பா கோயில் பாண்டில் ஊதியது. மட்டக்களப்பு ஆயித்தியமலை மாதா திருவிழா நெருங்கினால் அதை மினுக்குவது சின்ன வயதில் என் வேலை. தகரப் பேணியில் வரும் பித்தளை மினுக்கும் திரவத்தைப் பழந்துணியில் ஊற்றி, முழங்கை நோகத் தேய்ப்பேன். துணி கறுக்கும், குழல் மஞ்சளாக மின்னும், பெரியப்பாவுக்குப் பெரிய சந்தோஷம்.

பல வருடம் கழித்து, புளியந்தீவில் வாத்தியங்களுக்கு நெளிவு எடுக்கும் பறங்கி அங்கிள் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் வால்வுகளுக்கு நடுவே டோர்ச் அடித்தார். விரல் போகாத அந்த இடுக்கில் வெள்ளையாக ஏதோ மின்னியது. "தம்பி, இது வெள்ளி முலாம் போட்ட குழல். மிச்ச வெள்ளியை ஆர் தின்றது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த முலாம்தான் ஒரு காலத்தில் விலையைத் தீர்மானித்தது. குழல் ஒன்றுதான், அச்சும் ஒன்றுதான். வெறும் பித்தளையாக வாங்கினால் ஒரு விலை, வெள்ளி பூசி வாங்கினால் மேல்விலை, பூவேலை செதுக்கச் சொன்னால் அதற்கும் மேலே. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். பெரும்பாலும் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மின்சாரத்தால் வெள்ளி பூசும் முறைக்கு 1840இல் பர்மிங்ஹாமில் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை எடுத்தார்கள். அதன் பிறகுதான் சாதாரணப் பாண்ட்காரர் கையிலும் வெள்ளிக் குழல் வந்தது. "நிக்கல் சில்வர்" என்று ஒரு பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதில் மருந்துக்கும் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும்தான். பெயரை நம்பிக் காசு கொடுத்தவர்களை நான் அறிவேன்.

பெரியப்பாவின் குழல் பெட்டியில், பட்டுத் துணிக்கு அடியில் ஒரு விலைத்துண்டு ஒட்டியிருந்தது. எண் இருந்த பக்கம் கிழிந்துபோய், "கினி" என்ற சொல் மட்டும் மிச்சம். கினி நாணயத்தை அடிப்பதை இங்கிலாந்து 1814இலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் குதிரை, வைத்தியர் கட்டணம், நல்ல வாத்தியம் போன்றவற்றுக்குக் கினியில் விலை சொல்வதுதான் அங்கே கௌரவம். பவுண் என்றால் 20 ஷில்லிங், கினி என்றால் 21. ஒரு கினிக்கு ஒரு ஷில்லிங் கூடுதல், பார்ப்பவருக்கு எண் சிறியதாகத் தெரியும். கெட்டிக்கார வியாபாரம்!

இனி நம்மூர்க் கணக்கு. 1927க்குப் பிறகு நெடுங்காலம் ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்ற மாற்றுவிகிதம் இருந்தது. 21ஐ ஒன்றரையால் வகுங்கள்: சரியாக 14 ரூபாய். அப்படியானால் பத்துக் கினிக் குழல் 140 ரூபாய், பன்னிரண்டு கினி 168 ரூபாய். கப்பல் கூலியும் சுங்கமும் வேறு. பழைய விலைப்பட்டியல் கையில் கிடைத்தால் 14ஆல் பெருக்கிப் பாருங்கள், எங்கள் கோயில் பாண்டுகள் ஏன் வருடக்கணக்காகக் காசு சேர்த்தன என்று புரியும்.

அமெரிக்காவில் கதை இன்னும் ஆடம்பரம். இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரத்தில் வாத்தியம் செய்த கான் நிறுவனம் 1920களில் குழலின் உடம்பை மணல் ஊதி மங்கலாக்கி, அதன்மேல் வெள்ளி பூசி, சத்தம் வெளியே வரும் அகன்ற வாயின் உட்புறத்துக்கு மட்டும் மெல்லிய பொன் பூச்சுக் கொடுத்தது. முழுக்குழலுக்கும் பொன் கேட்டால் முதலில் வெள்ளி, அதன்மேல்தான் பொன். அப்புறம் 1929இல் பொருளாதாரம் சரிந்தது. 1934இல் அமெரிக்க அரசு தங்கத்தின் விலையை அவுன்ஸ் 20.67 டொலரிலிருந்து 35 டொலருக்கு உயர்த்தியது. பொன் குழலும் வெள்ளிக் குழலும் குறைந்து, லேக்கர் எனும் வார்னிஷ் போன்ற பூச்சு பரவியது. இன்று கடையில் பொன் நிறமாகப் பார்ப்பது பெரும்பாலும் பித்தளைமேல் அந்த லேக்கர்தான். 1942இல் போருக்காக அங்கே வாத்தியம் செய்வதையே கட்டுப்படுத்தினார்கள். துப்பாக்கி ரவைக் கூடுக்கும் அதே 70க்கு 30 பித்தளைதான் வேண்டும்.

இப்போது விற்கப்போனால் முலாமை விட வேறொன்று விலையை அடிக்கும்: சுருதி. பழைய பிரித்தானியப் பாண்ட் குழல்கள் பல "உயர் சுருதி"யில் செய்யப்பட்டவை. இன்று ஏ (A) என்ற சுரம் விநாடிக்கு 440 அதிர்வு, அவற்றில் ஏறக்குறைய 452. அரைச்சுரத்தில் பாதி மேலே நிற்கும். கீபோர்டோடு சேர்த்து ஊதினால் நாயும் எழுந்து போகும். அதனால்தான் எவ்வளவு அழகான குழலாக இருந்தாலும் ஊத வாங்குபவர் தயங்குவார், சேகரிப்பவரும் விலையைக் குறைத்தே கேட்பார்.

நம்மூர்க் காற்றையும் சொல்ல வேண்டும். வாவிச் சேற்று வாடையில் கந்தகம் இருக்கிறது. அது வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கறுத்தால் பரவாயில்லை, மென்மையான துணி போதும். மினுக்கும் திரவத்தால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. ஊதும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். ஈரமும் எச்சிலும் பட்டுத் துத்தநாகம் வெளியேறி, உளுத்த செம்பு மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். ஊதி முடித்ததும் தண்ணீரை வடித்து, உள்ளே துடைத்து வையுங்கள். திரும்ப லேக்கர் அடிக்கக் கொடுக்காதீர்கள். அதற்கு முதல் இயந்திரத்தில் தேய்க்கும்போது தகடு மெலியும், செதுக்கிய பூவேலை மழுங்கும்.

போன மாதம் மருமகன் வந்து, "மாமா, மோட்டார் சைக்கிளுக்குக் குரோம் பூசுற இடத்தில் இதையும் குடுப்பமா?" என்று கேட்டான். அலுமாரித் திறப்பு என் இடுப்பில்தான் இருக்கிறது.