பிரின்ஸ் பிலிப் நிஜமாவே சண்டைக்குப் போனாரா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணே, எலிசபெத் ராணியோட வீட்டுக்காரர் பிலிப் நெஞ்சு நெறைய மெடல் குத்திக்கிட்டு நிப்பாரே, அதெல்லாம் ராஜ குடும்பம்னு சும்மா குடுத்ததா, இல்ல நிஜமாவே போர்ல இருந்தாரா?"ன்னு.

எல்லாமே சண்டைக்கு வாங்குனதுன்னு சொல்லமாட்டேன் தம்பி, மரியாதைக்கு வந்ததும் நெறைய இருக்கு. ஆனா ஆளு நிஜமாவே போர்க்கப்பல்ல கெடந்தவரு. பேருக்குத்தான் கிரீஸ் இளவரசர், சொந்தமா வீடு கூட கெடையாது. 1922ல குடும்பத்தையே நாட்ட விட்டு தொரத்துனப்ப, கைக்குழந்தை இவர பழப்பெட்டில படுக்க வெச்சு கூட்டிட்டு வந்ததே ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்தான்.

1939ல டார்ட்மவுத் நேவி காலேஜ்ல 18 வயசு கேடட். அங்க ராஜா குடும்பம் வந்தப்ப, 13 வயசு எலிசபெத்துக்கு துணையா இவர அனுப்புனாங்க. ரெண்டு மாசத்துல போர் வந்துடுச்சு. கிரீஸ் அப்ப நடுநிலை நாடு, இவருக்கு எதாச்சும் ஆயிட்டா வம்புன்னு சண்டை இல்லாத பக்கமா தள்ளிட்டாங்க. எங்க தெரியுமா, நம்ம கொழும்புல போய் ரமில்லீஸ்ங்கற கப்பல்ல சேர்றாரு, ஆஸ்திரேலியா நியூசிலாந்து சிப்பாய்ங்க வர்ற கப்பலுக்கு காவல் போற வேலை.

1940 அக்டோபர்ல இத்தாலி கிரீஸ் மேல பாய்ஞ்சதும் அந்த தடை போச்சு, வேலியன்ட் கப்பலுக்கு மாத்துனாங்க. 1941 மார்ச் 28 ராத்திரி, கிரீஸ் பக்கத்து கடல்ல மட்டபான் சண்டை. கும்மிருட்டு, வேலியன்ட்ல சர்ச்லைட் இவர் பொறுப்பு, வெளிச்சத்த இத்தாலியோட க்ரூசர் போர்க்கப்பல் மேல அடிச்சு புடிச்சு வெக்க, பீரங்கிக்காரங்க சுட்டுத் தள்ளிட்டாங்க. இத்தாலி பக்கம் 2,000 பேருக்கு மேல செத்தாங்க. இவருக்கு 19 வயசு! கிரீஸ் குடுத்த போர்ச் சிலுவை மெடல் இதுக்குத்தான்.

எனக்கு புடிச்சது 1943 சிசிலி கதை. அப்ப வாலஸ் கப்பல்ல கேப்டனுக்கு அடுத்த ஆள் இவர். ராத்திரி ஜெர்மன் விமானம் குண்டு போட்டுட்டுப் போச்சு, திரும்ப வரும்னு எல்லாருக்கும் தெரியும். இவரு கட்டையெல்லாம் சேத்து ஒரு தெப்பம் கட்டி, ரெண்டு முனைலயும் புகை வர்ற சாமான வெச்சு கடல்ல எறக்கிட்டாரு, மேலருந்து பாத்தா ஒடஞ்ச கப்பல் எரியற மாதிரி தெரியும். விமானம் வந்து தெப்பத்து மேலயே குண்டு போட, வாலஸ் சத்தமில்லாம நழுவிடுச்சு. கூட இருந்த ஒரு மாலுமி ரொம்ப வருஷம் கழிச்சு சொல்லித்தான் இது வெளிய வந்துச்சு, இவரு தம்பட்டம் அடிக்கவே இல்ல.

1945 செப்டம்பர் 2 ஜப்பான் சரணடைஞ்சப்ப, டோக்கியோ விரிகுடால வெல்ப் கப்பல்ல இருந்தாரு. போர் பூரா எலிசபெத்துக்கு லெட்டர் போக்குவரத்து நடந்துச்சு. ஊருக்கு வந்ததும் 46ல பொண்ணு கேட்டாரு, ராஜா பொண்ணுக்கு 21 வயசு முடியட்டும்னுட்டாரு. மோதிரத்துக்கு வைரம் இவங்கம்மா கிரீடத்துல இருந்து எடுத்தது. 1947 நவம்பர் 20 கல்யாணம். அப்ப துணிக்கெல்லாம் ரேஷன், ஜனங்க பாசத்துல கூப்பன் அனுப்ப, அது சட்டவிரோதம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காந்தி தாத்தா தான் நூத்த நூல்ல பண்ண துணி ஒண்ணு அனுப்புனாரு. கூடப்பொறந்த அக்காங்கள மட்டும் கூப்பிடல, மூணு பேரும் ஜெர்மன்காரங்களுக்கு வாக்கப்பட்டவங்க, பாவம்.

கல்யாணம் ஆகியும் கப்பல விடல. 1950ல மேக்பைன்னு ஒரு கப்பலுக்கே கேப்டன் ஆயிட்டாரு. மறு வருஷம் மாமனாருக்கு ஒடம்பு முடியாம போக ஊருக்கு வந்தவரு, அப்புறம் கப்பல் வேலைக்கு திரும்பவே இல்ல.